காத்தை யாருக்காக அளக்குறாங்க?

"ஏசி ஓடுதுல்ல, அப்புறம் என்ன?"

இந்த ஒரே கேள்வியில எத்தனை பேர் வாயை அடைக்கிறாங்க தெரியுமா மக்களே? ஏசி ஓடுதுங்கிறது கரண்ட் பில்லுக்கான தகவல். டக்ட்ல காத்து வருதா, எவ்வளவு வருது, எவ்வளவு ஈரத்தோட வருது, அதுல வெளிக்காத்து எவ்வளவு - இதெல்லாம் வேற வேற கேள்விகள். பதில் சொல்ல கைக்கு அடக்கமா ஒரு மீட்டர் இருக்கு. காத்து வேகத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்துக் காட்டும். சாதாரண மாடல் சில ஆயிரம் ரூபாய்தான். இருந்தும் நம்ம பக்கத்து ஆலைகளில் அதை எடுத்துக்கிட்டு, ஆள் உட்காருற இடத்துக்கு யாரும் போறதில்லைங்கிறதுதான் என் கோவம்.

நம்ம பக்கம்னா ஓசூர் - ராயக்கோட்டை ரோட்டுல இருக்கிற உத்தனப்பள்ளி வட்டாரம். தக்காளியும் ரோஜாவும் விளையிற மண்ணு. 2023-ல சிப்காட்டுக்கு நிலம் எடுக்கக் கூடாதுன்னு இங்க விவசாயிங்க போராட்டம் நடத்தினது ஞாபகம் இருக்கும். நிலத்தை அளக்க ஆள் வர்றாங்க, தண்ணியை அளக்க ஆள் வர்றாங்க. கட்டிடம் எழும்பி உள்ள ஆயிரம் பேர் உட்கார்ந்த பிறகு, அவங்க மூச்சு விடுற காத்தை அளக்கத்தான் ஆளைக் காணோம்.

"யார் சொன்னது? ஒவ்வொரு ஷிஃப்டும் அளக்கிறோமே"ம்பாங்க. அளக்கிறாங்கதான். எதுக்காகன்னு பாருங்க.

எலெக்ட்ரானிக்ஸ் அசெம்ப்ளியில சில்லுகளுக்கு ஈரம் ஆகாது. ஈரம் குடிச்ச சில்லு சாலிடரிங் சூட்டுல உள்ளுக்குள்ளேயே வெடிச்சுடும். அதனால ஒவ்வொண்ணுக்கும் ஒரு நிலை வெச்சிருக்காங்க. மூணாம் நிலைன்னா, உறையைப் பிரிச்ச பிறகு 30 டிகிரிக்கும் 60 சதவீத ஈரப்பதத்துக்கும் மேல போகாத இடத்துல 168 மணி நேரம்தான் வைக்கலாம். அதுக்கு மேல ஆச்சுன்னா சூடுபடுத்தி ஈரத்தை எடுத்துட்டுதான் பயன்படுத்தணும். நல்ல விதி. பொருளுக்கு.

இந்தப் பக்கம் ஒரு கம்பெனியில (பேர் வேண்டாம்) லைன்ல வேலை பாக்குற சித்தி பொண்ணுகிட்ட கேட்டேன்.

"உங்க ஹால்ல ஈரப்பதம் பாப்பாங்களாம்மா?"

"பாக்காம என்னண்ணா? காம்பொனன்ட் ரூம்ல மீட்டர் இருக்கு. நாங்களே நோட்டுல எழுதுவோம்."

"நீங்க டிரெஸ் மாத்துற ரூம்ல? கேன்டீன்ல?"

"அங்க எதுக்குண்ணா?"ன்னு சிரிச்சுட்டா. மதியத்துக்கு மேல தலை கனக்குதுன்னு அதுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடி சொன்னவளும் அவதான். தலை கனக்க ஆயிரம் காரணம் இருக்கலாம், காத்துதான் காரணம்னு நான் சாதிக்கல. ஆனா காத்து இல்லைன்னு சொல்றவங்ககிட்டயும் ஒரு எண் கிடையாதே!

இது இன்னிக்கு ஆரம்பிச்ச கதையும் இல்லீங்க. வில்லிஸ் கேரியர் 1902-ல நவீன ஏசியை வடிவமைச்சது நியூயார்க் ப்ரூக்ளின்ல இருந்த ஒரு அச்சகத்துக்காக. காகிதம் ஈரத்துல விரிஞ்சு சுருங்கி கலர் தள்ளிப் போச்சு, அதை சரி பண்ணத்தான் அத்தனையும். (சிவகாசி அச்சகக்காரங்களுக்கு இந்தத் தொல்லை நல்லாவே தெரியும்.) அதுக்கும் முன்னாடி இங்கிலாந்து நெசவாலைகள்ல நூல் அறாம இருக்க கூடத்துக்குள்ள நீராவியை விட்டாங்க. நூல் பிழைச்சுது, நெய்யிறவன் நனைஞ்சான். தொழிலாளிங்க சத்தம் போட்ட பிறகுதான் 1889-ல ஒரு சட்டம் வந்து ஈரத்துக்கு வரம்பு வெச்சுது, ஈர-உலர் வெப்பமானியை கூடத்துக்குள்ளயே மாட்டச் சொல்லுச்சு. காத்தை பொருளுக்காக அளக்கிறது முதலாளிக்குத் தானா தோணும். ஆளுக்காக அளக்கிறது கேட்டு வாங்கினால்தான் வரும்.

சரி, மேட்டருக்கு வருவோம். அளந்தா என்ன தெரியும்? உதாரணத்துக்கு ஒரு கணக்கு போடுவோம்.

60 செ.மீ அகலம், 40 செ.மீ உயரம் உள்ள டக்ட். பரப்பு 0.24 சதுர மீட்டர். சராசரி வேகம் வினாடிக்கு 5 மீட்டர்னு மீட்டர் காட்டுது. பெருக்கினா வினாடிக்கு 1.2 கன மீட்டர், மணிக்கு 4,320 கன மீட்டர். கேக்கவே ஜில்லுன்னு இருக்குல்ல? இருங்க. இதுல பெரும்பகுதி ஹால்ல இருந்து உறிஞ்சி, குளிர வெச்சு, திருப்பி அனுப்புற பழைய காத்து. வெளிக்காத்து பத்துல ஒரு பங்குன்னு வெச்சுக்குவோம். வினாடிக்கு 120 லிட்டர். வீடுகள், ஆஸ்பத்திரிகள் தவிர்த்த மத்த கட்டிடங்களுக்கு ஆளுக்கு வினாடிக்கு 10 லிட்டராவது வேணும்னு உலக சுகாதார நிறுவனம் 2021-ல சொல்லுச்சு. அப்ப இந்த டக்ட் 12 பேருக்குத்தான் காணும். அதுக்குக் கீழ 80 பேர் உட்கார்ந்திருந்தா? ஜில்லுன்னு இருக்கும், சந்தேகமே இல்லை. பக்கத்து சீட்டுக்காரர் விட்ட மூச்சு ஜில்லுன்னு இருக்கும் :-)

அதனாலதான் வெளிக்காத்து நுழையிற வாயிலும் இதே மீட்டரை வைக்கணும்ங்கிறேன். கரண்டை மிச்சம் பிடிக்க அந்தக் கதவைத்தான் முதல்ல சாத்துவாங்க. வெப்பநிலை போர்டு பாட்டுக்கு 24-ன்னு சிரிச்சுக்கிட்டே இருக்கும்.

இனி நம்மாளுங்க வழக்கமா சொல்ற பதில்கள்.

1. "எல்லாம் கன்ட்ரோல் ரூம் ஸ்க்ரீன்ல வருது சார்." ஐயா, நான் பொட்டி தட்டிப் பொழைக்கிறவன். ஸ்க்ரீன்ல வர்ற எண்ணோட யோக்கியதை எனக்குத் தெரியும். சென்சார் செத்துப் போனாலும் கடைசியா வந்த எண்ணையே காட்டிக்கிட்டு பச்சையா மினுக்குற டாஷ்போர்டுகள் ஏராளம். "ஃபேன் ஆன்"னு வந்தா மோட்டாருக்கு உத்தரவு போச்சுன்னு மட்டும்தான் பல இடத்துல அர்த்தம். பெல்ட் அறுந்ததும் பில்டர் அடைச்சதும் அந்தப் பச்சை விளக்குக்குத் தெரியாது. கிரில் வாயில வெச்ச மீட்டருக்குத் தெரியும்.

2. "கட்டிடம் திறந்தப்ப டெஸ்ட் பண்ணின ரிப்போர்ட் இருக்கு." இருக்கும். பில்டர் புதுசு, ஹால் காலி, ஆள் இல்லை. கல்யாணத்தன்னிக்கு எடுத்த போட்டோவைக் காட்டி இன்னிக்கும் நான் ஒல்லிதான்னு சொல்ற கதை.

3. "அளந்தோம் சார், சூப்பரா வருது." எப்படி அளந்தீங்க? டக்ட்டுக்கு நடுவுல ஒரே இடத்துல. ஆத்துல நடு நீரோட்டம் வேகமாவும் கரையோரம் மெதுவாவும் போறது தென்பெண்ணை பாத்த எல்லாருக்கும் தெரியும், காத்தும் அப்படித்தான். நடுவுல மட்டும் அளந்தா கூட்டித்தான் காட்டும். செவ்வக டக்ட்ல கட்டம் போட்டு குறைஞ்சது 25 இடத்துல அளந்து சராசரி எடுக்கிறதுதான் முறை. அதுவும் வளைவுக்குப் பக்கத்துல கூடாது, டக்ட் அகலத்தைப் போல ஏழெட்டு மடங்கு தள்ளி, நேரா போற இடத்துல.

4. "ஓசூர் குட்டி இங்கிலாந்து சார், இங்க காத்துக்கு என்ன பஞ்சம்?" வெளிய பஞ்சம் இல்லை. ஜன்னலே இல்லாத தகரக் கொட்டகைக்குள்ள அந்த இங்கிலாந்து எந்த வழியா வரும்? சொல்லப்போனா இந்த மேட்டுநிலமே அளவையில ஒரு சிக்கல். கடல் மட்டத்துல இருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம், காத்தோட அடர்த்தி சுமார் பத்துல ஒரு பங்கு குறைவு. சூடான கம்பி வெச்ச மீட்டர், காத்து அந்தக் கம்பியை எவ்வளவு குளிர வைக்குதுன்னு பாத்து வேகம் சொல்றது. கடல் மட்டத்துக்கு சரி பண்ணி வந்த கருவி இங்க நிஜ வேகத்தைவிட சுமார் பத்து சதவீதம் குறைச்சுக் காட்டும். உள்ளூர் காத்தழுத்தத்தைப் போட்டு திருத்தணும். சின்ன விசிறி சுத்துற வகைக்கு இந்தத் தொல்லை பெருசா கிடையாது. சென்னையில வாங்கின கருவியை இங்க அப்படியே நீட்டுறவங்க கவனிக்க.

நம்ம பக்கம் பேசுறவங்களுக்கும் ஒண்ணு. டக்ட்டுக்குள்ள ஈரப்பதம் 95 சதவீதம்னு பாத்ததும் குதிச்சுடாதீங்க. 13 டிகிரியில 95 சதவீதமா கிளம்பின காத்து, ஹால்ல 24 டிகிரிக்கு வந்ததும் 48 சதவீதம் ஆயிடும். குளிர்ந்த காத்து கொஞ்சம் ஈரத்துலயே நிறைஞ்சுடும், சூடானா கொள்ளளவு கூடும், அவ்வளவுதான். வெப்பநிலையைச் சொல்லாம ஈரப்பதத்தை மட்டும் சொன்னா அது பாதிக் கணக்கு. பாதிக் கணக்கோட போனீங்கன்னா அடுத்த தடவை உள்ளயே விட மாட்டாங்க.

சட்டம் என்ன சொல்லுது? 1948 தொழிற்சாலைகள் சட்டம் 13-வது பிரிவுல எல்லாருக்கும் போதுமான காற்றோட்டம்னு பொதுவா சொல்லுச்சு. ஈரப்பதத்தை சோதிச்சுப் பதிவு பண்ண விதி போடுற அதிகாரம் 15-வது பிரிவுல இருந்தது. ஆனா அது செயற்கையா ஈரம் ஏத்துற ஆலைகளுக்கு, அதாவது பெரும்பாலும் பஞ்சாலைகளுக்கு. 2025 நவம்பர் 21 முதல் அந்த இடத்துக்கு 2020-ம் வருஷத்து தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் வந்திருக்கு. அதோட 23-வது பிரிவுலயும் காற்றோட்டம், வெப்பநிலை, ஈரப்பதம்னு பேர் சொல்லியே இருக்கு. பேர் இருந்தா மட்டும் போதுமா? "போதுமான"ங்கிற வார்த்தைக்குப் பக்கத்துல எண் வர்ற வரைக்கும் போதும்னு முடிவு பண்றது முதலாளிதான்.

நான் கேக்குறது பெருசா ஒண்ணுமில்லை. வாரத்துக்கு ஒருநாள், ஷிஃப்ட் நடுவுல, ஆள் நிறைஞ்சிருக்கும்போது அளங்க. கிரில்ல, வெளிக்காத்து வாயில, டிரெஸ் மாத்துற ரூம்ல, கேன்டீன்ல. வேகம், வெப்பநிலை, ஈரப்பதம், ஆளுக்கு எத்தனை லிட்டர் வெளிக்காத்து. நாலே எண். அதை கன்ட்ரோல் ரூம்ல பூட்டி வைக்காம, கேன்டீன் மெனு ஒட்டுற போர்டுல தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தின்னு ஒட்டுங்க. அளக்கும்போது லைன்ல இருந்து ஒரு ஆள் கூட நிக்கட்டும். சில்லுக்கு நோட்டு போட்டு எழுதுற அதே கை, தனக்கும் ஒரு வரி எழுதிக்கட்டுமே.

"அளந்தா பிரச்சனை வரும்"னு ஒரு மேனேஜர் நண்பர் சொன்னார். இல்லைங்க, பிரச்சனை ஏற்கனவே இருக்கு. அளந்தா அதுக்கு ஒரு எண் வரும், அவ்வளவுதான்.

டிஸ்கி: உங்க ஈரப்பதமானி நிஜம் பேசுதான்னு பாக்க லேப் வேண்டாம். ஒரு சின்ன மூடியில உப்பு போட்டு, ஈரமணல் பதத்துக்கு சொட்டு சொட்டா தண்ணி விடுங்க (கரைஞ்சுடக் கூடாது). அதையும் மீட்டரையும் காத்துப் புகாத ஜிப் கவர்ல ஒண்ணை ஒண்ணு தொடாம வெச்சு, ஒரு ராத்திரி விடுங்க. காலையில 75 சதவீதம் காட்டணும். 68 காட்டினா உங்க மீட்டர் 7 குறைச்சு சொல்லுதுன்னு அர்த்தம். வீட்டு மீட்டர்ல செஞ்சு பாத்துட்டு என்ன வந்துச்சுன்னு சொல்லுங்க. அப்படியே உங்க ஆபீஸ் ஏசி வாயிலயும் ஒருதரம் நீட்டிப் பாருங்க. பொட்டி தட்டுறவங்களுக்கும் மூக்கு இருக்குல்ல :-)