வீட்டுக்கு எந்த விளக்கு?

கைத்தொலைபேசியால் இயங்கும் ‘ஸ்மார்ட்’ மின்குமிழ்களை வீடு முழுவதும் பொருத்தலாமா என்று மாத்தளைச் சகோதரி ஒருவர் கேட்கிறார்.

ஆகுமானதே. ஆயினும் தேவையைப் பாருங்கள். 60 வோட்ஸ் பழைய குமிழ் தினமும் 5 மணி நேரம் எரிந்தால் மாதம் 9 அலகு. ஏறக்குறைய அதே வெளிச்சம் தரும் 9 வோட்ஸ் எல்.ஈ.டி. குமிழுக்கு ஒன்றரை அலகும் ஆகாது. சேமிப்பு இங்கேதான். ‘ஸ்மார்ட்’ குமிழோ அணைந்திருக்கும்போதும் சிறிது மின்சாரம் இழுக்கும்; சுவர் சுவிட்சை அணைத்தால் கைத்தொலைபேசிக்கும் கட்டுப்படாது.

தஹஜ்ஜுதுக்கு எழும் உம்மம்மா இருட்டில் கைத்தொலைபேசியையா தேடுவார்? அவர் வுழூச் செய்யப் போகும் வழியில், ஆள் அசைந்தால் தானே எரியும் விளக்கொன்று போதும். அவர் விழாமலிருக்கச் செலவிடுவது விரயமல்ல. அடுத்த வீட்டாருக்குக் காட்ட வாங்குவதே விரயம்.

2022இல் மணிக்கணக்காக மின்வெட்டில் இருந்தோமே, வெளிச்சமும் அல்லாஹ்வின் நிஃமத் என்பதை மறக்கலாமா?