அங்கோர் வாட் நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டியது



பள்ளி விடுமுறை நெருங்கும் வேளையில், பிள்ளைகளை எந்த நாட்டிற்கு அழைத்துச் செல்லலாம் என்ற பேச்சு எழுவது இயல்பு. அண்மைக் காலமாக நம்மவரிடையே கம்போடியாவைக் காணும் ஆர்வம் பெருகியுள்ளது. இது வரவேற்கத்தக்கது. பசுமையான வயல்களும் பனைமரங்களும் பழம்பெரும் கோயில்களும் நிறைந்த நாடு அது. 12 வயதுக்குட்பட்ட வெளிநாட்டுச் சிறார்களுக்கு அங்கோர் வளாகத்தில் நுழைவுக் கட்டணம் இல்லை. கடப்பிதழைக் காட்டினால் போதும்.

ஆயினும், அங்குச் செல்லும் நம்மவர் பலர் பிள்ளைகளிடம் கூறும் ஒரு செய்தி எனக்கு உடன்பாடானதன்று. "அங்கோர் வாட் கோயிலைக் கட்டியவர்கள் தமிழர்கள்; சோழ மன்னன் எழுப்பிய கோயில் இது" என்பதே அச்செய்தி. புலனத்திலும் காணொலிகளிலும் இது ஓயாமல் வலம் வருகிறது.

உண்மை என்ன? அங்கோர் வாட் 12-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், கெமர் மன்னன் இரண்டாம் சூரியவர்மனால் திருமாலுக்காக எழுப்பப்பட்டது. பின்னாளில் அது பௌத்த வழிபாட்டுத் தலமாயிற்று. இராசேந்திர சோழனின் கடற்படை 1025-இல் சென்றது ஸ்ரீவிஜயத்தின் மீதும் கடாரத்தின் மீதுமே, கம்போடியாவின் மீதன்று. அம்மன்னன் 1044-இல் மறைந்து ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழித்தே சூரியவர்மன் அரியணை ஏறினான்.

பெயர் ஒற்றுமையும் பலரை மயக்குகிறது. கெமர் நாட்டை இராசேந்திரவர்மன் என்னும் மன்னன் 944 முதல் 968 வரை ஆண்டான். இராசேந்திர சோழன் முடிசூடுவதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு முந்தியவன் அவன். 'வர்மன்' என்பது பல்லவரும் கெமரும் ஒருங்கே சூடிக்கொண்ட வடமொழிப் பெயரொட்டு. அதனைக் கொண்டு இனத்தை முடிவு செய்ய இயலாது.

அப்படியானால் தமிழர்க்கும் கெமர் மக்களுக்கும் தொடர்பே இல்லையா? உண்டு. கெமர் எழுத்து, பல்லவர் காலத் தென்னிந்திய எழுத்திலிருந்து கிளைத்தது. காம்போச மன்னன் நட்பை வேண்டி இராசேந்திர சோழனுக்குத் தேர் ஒன்றை அனுப்பினான் எனக் கரந்தைச் செப்பேடு கூறுகிறது. நண்பர்களாக, எழுத்தையும் கதைகளையும் பகிர்ந்துகொண்டவர்களாக விளங்கியிருக்கிறோம். இதில் பெருமைப்பட ஏதும் குறைவில்லையே!

சிறுபான்மையினராக வாழும் நம் பிள்ளைகளுக்குத் தன்மானமும் பெருமிதமும் தேவை என்பர் சிலர். அக்கவலையை நான் நன்கறிவேன். ஆனால், ஆதாரமற்ற பெருமிதம் முதல் கேள்வியிலேயே உடைந்துவிடும். இடைநிலைப்பள்ளி வரலாற்று வகுப்பில், பல இன மாணவர்கள் நடுவே நம் பிள்ளை இதனைக் கூறித் திருத்தப்பட்டால் என்னாகும்? மெய்யான கடாரத்து வரலாற்றையும் அவன் ஐயுறத் தொடங்குவான். பொய்ப் பெருமை மெய்ப் பெருமையையும் உடன் அழைத்துக்கொண்டு போய்விடும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கம்போடியர்கள் தங்கள் தேசியக் கொடியிலேயே அங்கோர் வாட்டைப் பொறித்து வைத்திருக்கிறார்கள். 1975 முதல் 1979 வரை நடந்த கெமர் ரூஜ் ஆட்சியில் பதினைந்து முதல் இருபது இலட்சம் மக்கள் மாண்டனர் என மதிப்பிடப்படுகிறது. கற்றவர்களும் ஆசிரியர்களும் தேடித் தேடிக் கொல்லப்பட்டனர். புனோம் பென் நகரில் ஓர் உயர்நிலைப்பள்ளியே சிறைக்கூடமாக்கப்பட்டது. இன்று அது துவோல் சிலெங் அருங்காட்சியகம். அத்தனையையும் இழந்து எழுந்த ஒரு மக்களிடம், அவர்கள் முன்னோரின் கோயிலையும் "எங்களுடையது" என்று கூறுவது அறமாகுமா? தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியவர் வேற்றினத்தவர் என்று எவரேனும் கூறினால் நாம் பொறுத்துக்கொள்வோமா?

எனவே, பிள்ளைகளை அழைத்துச் செல்வோர்க்குச் சில பரிந்துரைகள்:

முதலாவது, அங்கோர் வாட்டின் கிழக்குச் சுற்றில் 49 மீட்டர் நீளத்திற்குப் பாற்கடல் கடையும் காட்சி செதுக்கப்பட்டுள்ளது. கதையை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். வாசுகியையும் ஆமையையும் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். பிறகு, நம் கோயிற் சிற்பங்களிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது என்று கேளுங்கள். அறிந்த கதையைக் கெமர் சிற்பி எப்படித் தனதாக்கிக்கொண்டான் என்பது அப்போது புலப்படும்.

இரண்டாவது, கோயில்களோடு நின்றுவிடாதீர்கள். ஏறத்தாழ 8 கிலோமீட்டர் நீளமும் 2 கிலோமீட்டர் அகலமும் கொண்ட மேற்கு பாராய் என்னும் ஏரி, மனிதக் கைகள் உருவாக்கியது. தொன்லே சாப் ஆறோ மழைக்காலத்தில் மேகோங் பெருகும்போது திசைமாறி, ஏரியை நோக்கிப் பின்னோக்கிப் பாய்கிறது. இதைவிடச் சிறந்த அறிவியல் பாடம் வேறென்ன?

மூன்றாவது, துவோல் சிலெங் தொடக்கப்பள்ளிச் சிறார்க்கு ஏற்றதன்று. இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளைப் பெற்றோர் உடனிருந்து, முன்கூட்டியே விளக்கி அழைத்துச் செல்லலாம்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். விடுமுறை முடிந்ததும் 'நான் சென்ற சுற்றுலா' என்று கட்டுரை எழுதச் சொல்கிறோம். காலையில் எழுந்து, பேருந்தில் ஏறி, களைப்புடனும் மகிழ்ச்சியுடனும் வீடு திரும்பும் கட்டுரைகளை எத்தனை ஆண்டுகள்தாம் திருத்துவது! "அந்நாட்டு மக்களிடம் நீ மதித்த ஒன்று எது? ஏன்?" என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்போமே.

பிறர் பெருமையைப் பிறர் பெருமையென ஒப்புக்கொண்டு வியக்கத் தெரிந்த பிள்ளைக்கே, தன் பெருமையைத் தலைநிமிர்ந்து கூறும் துணிவும் வரும். சிந்திப்போம், செயல்படுவோம்.