காவலுக்குப் பழங்கணினி இழிவா?

பள்ளிகளுக்குக் கணினி வலை வந்துவிட்டது. அதற்கொரு காவல் வேண்டும் என்னும் உணர்வு நம்மிடையே இன்னும் வரவில்லை. இணையம் அறுந்ததை மாணவன் சொல்லித்தான் ஆசிரியர் அறிகிறார்! ரௌட்டர், சுவிட்ச், அச்சுப்பொறி ஆகியவற்றை ஓயாது வினவி, ஒன்று விடை தராவிடின் உடனே எச்சரிக்கும் கண்காணிப்பு மென்பொருள்கள் விலையின்றியே கிடைக்கின்றன. ஸாபிக்ஸ் 2001 முதல் அவ்வாறு கிடைத்து வருகின்றது. அதனை எந்தக் கணினியில் ஓட்டுவது என்பதே வழக்கு.

"பழைய செர்வரா? தமிழ்ப்பள்ளிக்கென்றால் பழையதுதானா?" எனச் சீறுவர் ஒரு சாரார். "சும்மா தருகிறார்கள், வாங்கி வையுங்கள்" என்பர் மறுசாரார். முன்னவர் மானம் பேசுகின்றனர். பின்னவர் சிக்கனம் பேசுகின்றனர். இருவருமே கணக்குப் பார்க்கவில்லை என்பதே என் குற்றச்சாட்டு.

மானம் பேசுவோரே, கேளுங்கள். ஐந்து நிமிடத்திற்கு ஒரு முறை வினவினால் நாளொன்றுக்கு 288 முறை. கருவிகள் 40 ஆயினும் 11,520 முறைதான். அதாவது ஏழரை விநாடிக்கு ஒரு முறை. ஒவ்வொரு முறையும் பல செய்திகளைக் கேட்டாலும், பத்தாண்டு பழகிய கணினிக்கு இஃதொரு சுமையாகுமா? வினவும் நெறியாகிய எஸ்.என்.எம்.பி. 1988இலேயே வகுக்கப்பட்டது. பெரும்பொருள் கொடுத்துப் புதிய செர்வர் வாங்கிப் பள்ளியின் எல்லாப் பணிகளோடும் காவலையும் அதனுள்ளேயே அடைத்தால், அது வீழும் நாளில் காவலனும் வீழ்வான். பிறகு யார் எச்சரிப்பது? காவலன் தனித்து நிற்க வேண்டும். அதற்குப் பழங்கணினியே போதும்.

சிக்கனம் பேசுவோர்க்கும் ஒரு சொல். என் பள்ளிக்கும் இலவசமாக ஒரு பழைய செர்வர் வந்தது. மாலையிட்டுப் படம் எடுத்துக்கொண்டோம். அதன் விசிறி இரைச்சலில் நூலகத்தில் எவராலும் படிக்க இயலவில்லை. சில திங்களில் வன்தட்டும் பழுதாயிற்று. ஆராயாமல் ஏற்ற பிழை என்னுடையதே. 150 வாட் இழுக்கும் செர்வர் இரவும் பகலும் ஓடினால் ஆண்டிற்கு 1,314 யூனிட் மின்சாரம் தின்னும். 30 வாட்டில் ஓடும் பழைய மேசைக் கணினிக்கு ஏறத்தாழ 263 யூனிட்டே போதும். இலவசத்தின் விலை மின்கட்டணத்தில் எழுதப்படுகிறது!

ஆகவே பழையதைத் தேர்க. ஆனால் ஆராய்ந்து தேர்க. கண்காணிப்பு மென்பொருள் இடைவிடாது சிறுசிறு பதிவுகளை எழுதுவது. ஆதலின் பழைய வன்தட்டை நம்பாது புதிய எஸ்.எஸ்.டி. பொருத்துக. கணினி 64 பிட் ஆக இருக்கட்டும்; 2025இல் வெளிவந்த டெபியன் 13, பழைய 32 பிட் கணினிகளில் நிறுவும் வசதியைக் கைவிட்டுவிட்டது. உடல் பழையதாகலாம், பாதுகாப்புத் திருத்தம் நின்றுபோன இயங்குதளம் ஆகாது. மின்சாரம் தடைப்படும்போதும் விழித்திருக்க ஒரு யூ.பி.எஸ். வேண்டும்.

வள்ளுவர் 'தெரிந்து வினையாடல்' என ஓர் அதிகாரமே வகுத்தார். ஆளுக்கு ஏற்ற அவ்வறிவு கருவிக்கும் ஏற்றதே. ஆசிரியப் பெருமக்களே! அடுத்த முறை எவரேனும் கணினி தர வரும்போது, மாலையை எடுப்பதற்கு முன் வாட் அளக்கும் கருவியை எடுங்கள். அளப்பதையும் கணக்கிடுவதையும் மாணவரிடம் விடுங்கள். அவர்கள் கணக்கு வேண்டாமென்று சொன்னால், தருபவர் யாராயினும், நன்றி கூறித் திருப்பி அனுப்புங்கள்.