கடல் நாளும் எட்டு மணி நேரமும்

கப்பல் பயணம் போய்வந்ததிலிருந்து, பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "ஆறு நாள் கரையே தெரியாம எப்படி சார் பொழுது போச்சு?" பொழுது நன்றாகவே போயிற்று. அதைச் சொல்லிவிட்டு, மனதை உறுத்திக்கொண்டிருக்கும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சிலருக்குக் கோபம் வரலாம். வரட்டும்.

என் 75-ஆவது வயதுக்குப் பிரான்சில் இருக்கும் மகன் கொடுத்த பரிசு அந்தப் பயணம். மொத்தம் 14 நாள். ஸ்பெயினைச் சேர்ந்த தெனெரீஃப் தீவை விட்டால் அடுத்த கரை மர்த்தினிக் தீவுதான். நடுவில் 2,600 கடல் மைலுக்கு மேல் அட்லாண்டிக் பெருங்கடல் மட்டும். கரை தட்டாத இந்த நாட்களைக் 'கடல் நாள்' என்கிறார்கள்.

கடல் நாளில் எழுந்திருக்க அவசரமில்லை. மேற்கே போவதால் நான்கு இரவுகளில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைக்கச் சொன்னார்கள். அதாவது 25 மணி நேர நாள்! 36 ஆண்டு ஆபீஸ் மணியைப் பார்த்து சைக்கிளில் ஓடியவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? மேல்தளத்தில் சாய்வு நாற்காலி, மடியில் பள்ளிக்கூடத்தில் படித்த பழைய பிரெஞ்சு நாவல், கண்ணெதிரே பறவை மீன்கள் கூட்டமாகத் துள்ளிப் பறக்கும் நீலக்கடல். வீட்டுக்காரம்மாவுக்குத்தான் ரசம் இல்லாத குறை.

எங்கள் அறையைக் கவனித்தவன் தூத்துக்குடிப் பக்கத்துப் பையன். தமிழ் கேட்டதும் அவன் முகம் மலர்ந்துவிட்டது. இரண்டாம் கடல் நாளன்று, "தம்பி, இன்னிக்கு உங்களுக்கும் கொஞ்சம் ஓய்வுதானே?" என்றேன்.

சிரித்தான். "கரை வந்தாத்தான் எங்களுக்கு மூச்சு விட நேரம், ஐயா. நீங்கல்லாம் இறங்கி ஊர் பார்க்கப் போயிருவீங்க. கடல் நாள்ல எல்லாரும் கப்பல்லயே இருப்பீங்க. சாப்பாடு, துண்டு, அறை எல்லாம் ரெண்டு மடங்கு வேலை."

அவனுக்கு ஒன்பது மாத காண்டிராக்ட். அது முடியும்வரை ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது.

அன்று மாலை, சக பயணியான நம்மவர் ஒருவர் பெருமையாக ஒரு விஷயம் சொன்னார். அவரும் என்னைப்போல் பென்ஷன்காரர். கப்பலில் ஊழியர்களுக்கென்று ஆளுக்கு நாளொன்றுக்கு 12 யூரோ நம் கணக்கில் ஏறும். அவர் வரவேற்பு மேஜைக்குப் போய் அதை நீக்கச் சொல்லிவிட்டாராம். "கணவன் மனைவிக்கு 336 யூரோ மிச்சம். நீங்களும் போய்ச் சொல்லுங்க சார்!"

நான் சொல்லவில்லை. ஏன் என்று அவரிடம் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன்.

"டிக்கெட்டுக்குக் காசு கொடுத்தாச்சே, சம்பளம் கம்பெனி பொறுப்பு" என்றார். கொள்கை சரிதான். பிரான்சில் ஓட்டல் பில்லிலேயே சேவைக் கட்டணம் அடங்கிவிடும். 'செர்வீஸ் கொம்ப்ரி' என்பார்கள். நானும் அந்த முறைக்குத்தான் ஓட்டுப் போடுவேன். ஆனால் அந்த 336 யூரோவை நீக்கினால் கம்பெனிக்கு என்ன வலி? துண்டு மடிக்கிற பையன் வீட்டுக்கு அனுப்பும் பணம்தான் குறையும். கொள்கையை நிலைநாட்ட வேண்டுமானால் கம்பெனிக்குக் கடிதம் எழுத வேண்டும். பையனின் பையில் கை வைக்கக் கூடாது.

"அவனுங்க விரும்பித்தானே வந்தானுங்க, கையெழுத்துப் போட்டுத்தானே?" என்றார் அடுத்து. நாங்கள் இறங்கப் போகிற மர்த்தினிக்குக்கு, 1853 முதல் சுமார் முப்பது ஆண்டுகளில், 25,000 பேர் அளவுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து கப்பலேறினார்கள். புதுச்சேரி, காரைக்காலிலிருந்து போனவர்கள் ஏராளம். ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் அவர்களும் கைநாட்டு வைத்தவர்கள்தாம். இரண்டும் ஒன்று என்று சொல்லவில்லை. ஆனால் கையெழுத்தைக் காட்டி வாயை அடைப்பது பழைய பழக்கம்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை எட்டு மணி நேரத்தைத்தான் பொது அளவாகச் சொல்கிறது. ஆனால் வாரத்துக்குக் குறைந்தது 77 மணி நேர ஓய்வு கொடுத்தால் போதும் என்றும் அதில் ஒரு வழி இருக்கிறது. வாரத்துக்கு 168 மணி. 77 போக மீதி 91. குமாஸ்தா கணக்கு, தப்பாது.

புதுச்சேரிக்காரனுக்கு இந்தக் கணக்கு சாதாரணமாகப் படக்கூடாது. 1936 ஜூலை 30 அன்று, ஆலைத் தொழிலாளர்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் பன்னிரண்டு பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு, எட்டு மணி நேர வேலைக்குச் சட்டம் வந்தது. என் பெரியப்பா ஆலைத் தொழிலாளி. அந்த நாளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொள்வார். நானும் நீங்களும் ஐந்தே முக்காலுக்குக் கோப்பை மூடிவிட்டு வீட்டுக்கு வந்து, ஈட்டிய விடுப்பைக் காசாக்கி, இன்று பென்ஷன் வாங்குகிறோமே, அதெல்லாம் வானத்திலிருந்து விழுந்ததா? அப்படி வாழ்ந்த நாமே இன்னொருவன் கூலியை வெட்டிவிட்டு, அதைச் சாமர்த்தியம் என்று பேசலாமா?

அவர் பதில் சொல்லவில்லை. மீதிப் பயணத்தில் என்னோடு பேசவும் இல்லை.

நண்பர்களே, பிள்ளைகள் அனுப்பினால் தாராளமாகக் கப்பலில் போய்வாருங்கள். கடல் நாளை அனுபவியுங்கள். அந்தத் தொகையை மட்டும் நீக்காதீர்கள். உங்கள் அறையைப் பார்த்தவரின் பெயரைக் குறிப்பிட்டு ஒரு பாராட்டும் எழுதிக் கொடுங்கள்.

நான் ஊர் திரும்பியதும், ஊழியர்களுக்கு வாரம் ஒரு நாளாவது விடுமுறை ஏன் இல்லை என்று கேட்டு அந்தக் கம்பெனிக்குப் பிரெஞ்சில் கடிதம் போட்டேன். இரண்டு மாதமாகப் பதில் இல்லை. பரவாயில்லை. நினைவூட்டுக் கடிதம் எழுத எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முதல் நினைவூட்டு போய்விட்டது. இரண்டாவது திங்கட்கிழமை போகிறது.