கோயில் ஸ்பீக்கரில் ராஜாவின் திருவாசகம்

போன பிரதோஷத்தன்று அபிஷேகத்துக்கு முன்னாடி இளையராஜாவின் திருவாசகம் போட்டோம். "சர்ச் பாட்டு மாதிரி இருக்கு, நிறுத்துங்க"ன்னு பெரியவங்க சிலர் கோபப்பட்டாங்க. நிறுத்திட்டோம். ஆனா மனசு கேக்கல.

2005-ல் அது வெளிவந்தப்போ அவருக்கு 62 வயசு. நூற்றுக்கணக்கான படங்களுக்கு இசை போட்டவர், சினிமாவுக்கு இல்லாம மாணிக்கவாசகருக்காக உட்கார்ந்து, புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவை வெச்சு ஆறு பாட்டு செஞ்சார். நடுவுல கொஞ்சம் இங்கிலீஷ் கோரஸ் வருது, உண்மைதான். சினிமா மெட்டுல சாமி பேரைப் போட்டுப் பாடுற சிடி நம்ம கோயில்ல வருஷக்கணக்கா ஓடுது, அதுக்கு யாரும் வாய் திறக்கலையே!

ஓதுவார் பாடுறப்போ இதைப் போடக்கூடாது, ஒத்துக்கறோம். பண்ணோட பாடுற முறை வேற.

ஆனா அன்னைக்கு செருப்பு ஸ்டாண்ட் பக்கம் நின்ன ஒரு பையன், "அங்கிள், இது யாரு எழுதினது?"ன்னு கேட்டான். சொன்னோம். "புத்தகம் இருக்கா?"ன்னான். நம்ம ஞாயிறு தேவார வகுப்புக்கு வர்றதே எட்டு பிள்ளைங்க. நாம கூப்பிட்டு வராத பிள்ளைய அந்தப் பாட்டு நிக்க வெச்சிருக்கு.

அதனால நிர்வாகத்தைக் கேட்டுக்கறோம்: பிரதோஷ அபிஷேகத்துக்கு முன்னாடி அரை மணி நேரம், சத்தம் குறைச்சுப் போட விடுங்க. வேண்டாம்னு நினைக்கிறவங்க நேர்ல வந்து சொல்லுங்க. ஷிப்ட் முடிஞ்சு ஏழு மணிக்கு மேல கோயில்லதான் இருப்போம்.