வெள்ளை அணுக்களும் வீண் பழியும்

ஊரிலிருந்து பேசுகிறவர்கள் நலம் விசாரித்து முடித்ததும் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "விசேஷம் ஏதாவது உண்டா?" கல்யாணமாகி இரண்டு வருஷம் கழிந்தும் "இல்லை" என்றே பதில் வந்தால், பழி முழுவதும் மருமகள் தலையில்தான் விழுகிறது. கோயில், விரதம், அரசமரம், கைராசிக்கார டாக்டரம்மா என்று அவள் அலைகிறாள். பிள்ளையைப் பெற்றெடுக்க இருவர் வேண்டும் என்பது மட்டும் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

முதலில் ஒரு கணக்கைச் சரிபார்க்க வேண்டும். எவ்விதத் தடையும் இன்றி 12 மாதங்கள் தாம்பத்தியம் நடத்தியும் கரு உண்டாகாவிட்டால்தான் மருத்துவர்கள் அதைக் குழந்தையின்மை என்கிறார்கள். மும்பையில் கணவனும் திருநெல்வேலிப் பக்கம் மனைவியுமாகப் பிரிந்து வாழும் குடும்பத்தில், தீபாவளிக்குப் பத்து நாள், கோயில் கொடைக்குப் பத்து நாள் என்று சேர்ந்து வாழ்ந்ததைக் கூட்டிப் பார்த்தால், மூன்று வருஷத்தில் இரண்டு மாதம் தேறுவதே அரிது. இதை வைத்து ஒரு பெண்ணை மலடி என்பது அநியாயம் அல்லவா?

சேர்ந்து வாழ்ந்தும் ஒரு வருஷம் ஆகிவிட்டது என்றால், பரிசோதனை இருவருக்கும் வேண்டும். குழந்தையின்மையில் ஏறத்தாழப் பாதிக் குடும்பங்களில் ஆணிடமும் குறை இருக்கிறது. பெண்ணுக்குரிய சோதனைகள் பல. சிலவற்றில் வலியும் உண்டு. ஆணுக்கோ தொடக்கத்தில் விந்துப் பரிசோதனை ஒன்றே போதும். 2 முதல் 7 நாள் வரை தாம்பத்தியத்தைத் தவிர்த்துவிட்டு, விந்து முழுவதையும் சுத்தமான கலத்தில் எடுத்து, ஒரு மணி நேரத்துக்குள் சோதனைக்கூடத்தில் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான். ஆயினும், "எனக்கென்ன குறை?" என்று மீசையை முறுக்குகிறவர்களே அதிகம்.

துணிந்து பரிசோதனைக்குப் போகிறவர்களையும் கலங்க வைப்பது ரிப்போர்ட்டில் உள்ள ஒரு வரி. "பஸ் செல்ஸ்" என்று அதில் எழுதியிருக்கும். சீழ் அணுக்கள் என்று பொருள். அதைக் கண்டதும், உடம்பே அழுகிவிட்டது போலவும், செய்யாத தப்பைச் செய்துவிட்டது போலவும் மனம் உடைந்து போகிறார்கள். உண்மை அதுவல்ல. இவை இரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களே. கிருமிகளை எதிர்த்துப் போராடும் நம் உடம்பின் காவலர்கள். ஆரோக்கியமான ஆணின் விந்திலும் இவை சிறிதளவு இருக்கும். ஒரு மில்லி லிட்டரில் 10 லட்சத்துக்கு மேல் போனால்தான் கவனிக்க வேண்டிய நிலை என்று மருத்துவ உலகம் நீண்ட காலமாகக் கொண்டிருக்கிறது.

காவலர்கள் கூடினால் தீங்கு எப்படி வரும்? கிருமிகளைக் கொல்ல வெள்ளை அணுக்கள் வீரியமிக்க ஆக்சிஜன் பொருள்களை உமிழ்கின்றன. அளவு மீறினால் அவை விந்தணுவின் மெல்லிய கொழுப்புச் சவ்வையும் தாக்குகின்றன. விந்தணு நீந்தும் வேகம் குறைகிறது. அதனுள் இருக்கும் மரபுப் பொருளும் சிதையக்கூடும். புராஸ்டேட் சுரப்பி, விந்துப் பைகள், சிறுநீர்ப் பாதை ஆகியவற்றில் உண்டாகும் அழற்சி இதற்கு முக்கிய காரணம். புகைப் பழக்கத்துக்கும் இதில் பங்கு இருக்கலாம் என்கிறார்கள்.

ஆனால் அவசர முடிவு கூடாது. வளர்ச்சி முற்றாத விந்தணுக்களும் சாதாரண மைக்ரோஸ்கோப்பில் வெள்ளை அணுக்களைப் போலவே உருண்டையாகத் தெரியும். பெராக்சிடேஸ் என்னும் சாயச் சோதனை செய்தால்தான் இரண்டையும் பிரித்தறிய முடியும். வெள்ளை அணுக்கள் மிகுந்திருந்தும் கிருமி எதுவும் அகப்படாதவர்கள் பலர். இயல்பாகவே தந்தையானவர்களும் உண்டு. இவற்றால் எவ்வளவு பாதிப்பு என்பதில் மருத்துவர்களிடையே இன்னும் கருத்து வேற்றுமை நிலவுகிறது. ஆகவே ஒரே ரிப்போர்ட்டை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. ஒரு விந்தணு உருவாகி முற்ற ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகும். அண்மையில் கடுமையான காய்ச்சல் வந்திருந்தால்கூட எண்ணிக்கை குறையும். சில வாரங்கள் கழித்து மறுபடியும் சோதிப்பதே முறை.

இந்தப் பயத்தை மூலதனமாக்கித்தான் ரயில் நிலையச் சுவர்களில் நோட்டீஸ் ஒட்டுகிறார்கள். "தாது நஷ்டம்", "ரகசிய வியாதி" என்று மிரட்டி, லேகியத்துக்கு ஒரு மாதச் சம்பளத்தையே பறிக்கிறார்கள். பாலுறவுச் சக்தியைப் பெருக்குவதாகக் கூறும் மருந்து விளம்பரங்களுக்கு 1954-ஆம் ஆண்டிலேயே சட்டம் தடை விதித்துவிட்டது. சுவரில் உள்ள பசைதான் இன்னும் காயவில்லை! மருந்துக் கடையில் தாமாகவே ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்குவதும் தவறு. கிருமி உண்டு என்று தெரிந்தால்தான் அந்த மருந்து. தாம்பத்தியத்தால் தொற்றும் நோய் என்றால் கணவன், மனைவி இருவருக்கும் சிகிச்சை. டெஸ்டோஸ்டிரோன் ஊசி "தெம்பு" தரும் என்று போட்டுக்கொண்டால், விந்தணு உற்பத்தியே குன்றிவிடும். சிறுநீர் எரிச்சல், விரையில் வலி, வீக்கம் இருந்தால் நாள் கடத்தாமல் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.

1986-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6-ஆம் தேதி பரேல் கே.ஈ.எம். ஆஸ்பத்திரியில் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்த நகரம் இது. அந்தப் பரேலுக்குத் தாராவியிலிருந்து பஸ்ஸிலேயே போய்விடலாம். அப்படியிருந்தும் வெட்கம் வழி மறிக்கிறது. பொங்கல் விழா, பட்டிமன்றம், இரத்த தான முகாம் நடத்தும் நம் தமிழ்ச் சங்கங்கள், வருஷத்துக்கு ஒரு முறை ஒரு டாக்டரை அழைத்து ஆண்களுக்கு மட்டும் இதைத் தமிழில் பேச வைக்கலாமே. கேள்விகளைப் பெயர் எழுதாத சீட்டில் வாங்கினால் கூச்சமும் இராது.

மனைவியை டாக்டரம்மாவிடம் அனுப்பும் முன் கணவன் தன் ரிப்போர்ட்டைக் கையில் வைத்திருக்கட்டும். அதில் குறை இருந்தால் பெரும்பாலும் சிகிச்சைக்கு வழி உண்டு. குறை இல்லாவிட்டாலும், ஒரு பெண் தனியே பழி சுமக்கும் கொடுமையாவது நீங்கும்.