135 கிலோ கணக்கு வாத்தியார்!

அமெரிக்கன் ஃபுட்பால் மேட்சை யூடியூபில் பார்த்திருக்கிறீர்களா? பந்தோடு ஓடுகிறவரைத்தான் கேமரா துரத்தும். அவருக்கு முன்னால் ஐந்து பேர் மலை மாதிரி வரிசை கட்டி நின்று எதிரணியை முட்டித் தள்ளிக்கொண்டிருப்பார்கள். அவர்கள்தான் அஃபென்ஸிவ் லைன்மேன்கள். பந்தை எறியும் குவார்ட்டர்பேக் மீது யாரும் பாய்ந்துவிடாமல் காப்பதும், ஓடுகிறவருக்கு வழி திறந்துவிடுவதும்தான் வேலை. நடுவில் நிற்கும் சென்டர், பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கிவைப்பார். மற்ற நான்கு பேர் கைக்கு மேட்ச் முழுக்கப் பந்து வராமலே போகலாம். ஸ்கோர்போர்டில் பெயரும் வராது. கோட்டை விட்டால் மட்டும் எல்லோருக்கும் தெரியும். நம்ம வீட்டுச் சமையலறை வேலை மாதிரிதான்!

ஜான் அர்ஷெல் அப்படிப்பட்ட ஒரு லைன்மேன். 1991-ல் கனடாவின் வினிபெக் நகரில் பிறந்து, அமெரிக்காவின் பஃபலோவில் வளர்ந்தவர். அம்மா வழக்கறிஞர். மகனுக்கு அவர் வாங்கிக் கொடுத்ததெல்லாம் புதிர்ப் புத்தகங்கள். பையன் பெரிய விஞ்ஞானியாக வர வேண்டும் என்பது அவர் ஆசை. பையனோ பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, ஃபுட்பால் அணியில் 64-ம் எண் ஜெர்சியோடு 'கார்டு' இடத்தில் நின்றான்.

ஆனால், அம்மாவின் ஆசையும் வீண்போகவில்லை. அணியில் ஆடிக்கொண்டே கணிதத்தில் இளங்கலை, முதுகலை இரண்டையும் முடித்தார். அங்கேயே இளநிலை மாணவர்களுக்குக் கணக்குப் பாடமும் எடுத்தார். 135 கிலோவுக்கு மேல் எடை உள்ள ஒருவர் கால்குலஸ் நடத்தினால், கடைசி பெஞ்சில் யாராவது பேச முடியுமா? படிப்பு, விளையாட்டு இரண்டிலும் சிறந்த கல்லூரி வீரருக்குத் தரப்படும் கேம்ப்பெல் டிராஃபி 2013-ல் அவருக்குக் கிடைத்தது.

2014-ல் பால்டிமோர் ரேவன்ஸ் அணி, ஐந்தாவது சுற்றில் அவரைத் தேர்ந்தெடுத்தது. கையில் என்.எஃப்.எல் சம்பளம்; ஓட்டியதோ ஒரு பழைய நிஸான் கார். பணமோ புகழோ தனக்குப் பெரிதில்லை, ஆளோடு ஆள் மோதும் அந்தச் சுகம்தான் விடமாட்டேன் என்கிறது என்று 2015 தொடக்கத்தில் அவரே எழுதினார். தலைக்கு ஆபத்து என்று ஆட்டத்தையே விட்டுவிட்ட சக வீரர் கிறிஸ் போர்லண்டைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது என்பதையும் அவர் மறைக்கவில்லை.

அதே வருடம் ஆகஸ்ட்டில், பயிற்சி முகாமில் ஒரு மோதல். தலைக்குள் மூளை குலுங்கும் 'கன்கஷன்' ஏற்பட்டது. கொஞ்ச நாளில் உடம்பு சரியாகிவிட்டது; கணக்குதான் வரவில்லை. உயர்கணிதத்தில் மனம் ஓடுவதற்கு மேலும் சில வாரங்கள் பிடித்தன. மூளையை நம்பியே வாழ நினைக்கும் ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய எச்சரிக்கை! ஆனாலும் அவர் மைதானத்துக்குத் திரும்பினார். 2016-ல், சீசன் இல்லாத மாதங்களில் எம்.ஐ.டி-யில் முனைவர் பட்டப் படிப்பையும் தொடங்கினார். படிக்கும்போது எனக்கு, "ஏங்க, போதுமே!" என்று சொல்லத் தோன்றிய இடம் இது.

2017 ஜூலை 25-ம் தேதி ஓர் ஆய்வு வெளியானது. இறந்துபோன என்.எஃப்.எல் வீரர்கள் 111 பேரின் மூளைகளைப் பரிசோதித்ததில், 110 பேருக்கு சி.டி.இ என்ற மூளைச் சிதைவு நோய் இருந்தது. ஏற்கெனவே சந்தேகம் இருந்த குடும்பங்கள் தானமாகக் கொடுத்த மூளைகள் இதில் அதிகம் என்பதால், எல்லா வீரர்களுக்கும் இதே விகிதம் என்று சொல்லிவிட முடியாது. ஒரே ஒரு பெரிய அடி மட்டுமே இந்த நோய்க்குக் காரணம் இல்லை. வருடக்கணக்கில் திரும்பத் திரும்ப விழும் சின்னச் சின்ன இடிகளும் சேர்ந்துகொள்கின்றன. லைன்மேனுக்கோ ஒவ்வொரு முறை பந்து நகரும்போதும் ஓர் இடி!

இரண்டே நாளில் அர்ஷெல் ஓய்வை அறிவித்தார். வயது 26. என்.எஃப்.எல்-லில் ஆடியது மூன்று சீசன்கள். அந்த ஆய்வுதான் காரணம் என்று பத்திரிகைகள் எழுதின. அவர் சொன்னதோ வேறு: எம்.ஐ.டி-யில் முழுநேரமாகப் படிக்க வேண்டும், டிசம்பரில் முதல் குழந்தை பிறக்கப்போகிறது.

2021-ல் முனைவர் பட்டம் வாங்கினார். 2023-ல் அதே எம்.ஐ.டி-யில் கணித உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தார். இப்போது எடையும் நன்றாகக் குறைந்துவிட்டது. கரும்பலகை முன்னால் நிற்கும் படங்களைப் பார்த்தால், பழைய 64-ம் எண்ணை அடையாளம் கண்டுபிடிப்பது கஷ்டம்.